கதாநாயகிக்குக் காலில் என்ன?

டக்... டொக். டக்... டொக்.

மூடிய படுக்கையறைக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட ஒரு பெண், தாளாத துயரத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சத்தம்.

கூடத்தில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த கணவர் ஊசியை அந்தரத்தில் நிறுத்தினார். பஸ் ஓட்டியே ஆயுளில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். காது இன்னும் ஓய்வு பெறவில்லை.

"ஒரு சிலிண்டர் அடிக்கலை" என்றார்.

எதிரில் உட்கார்ந்திருந்த தங்கை நிமிர்ந்தாள். தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. குடியிருப்பது மாடி வீட்டில்; வாழ்வதெல்லாம் அண்ணன் வீட்டில்.

"எந்த வண்டிண்ணே?"

"வண்டி இல்லம்மா, உங்க அண்ணி. கேளு. இடது கால் சுத்தமா விழுது. வலது கால் தயங்கித் தயங்கி வருது."

"கதையிலதான் கதாநாயகிக்குக் கால்ல அடியாச்சேண்ணே. அந்தக் காலோட யாரு நேரா நடப்பா?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து "ஐயோ அம்மா!" என்று ஓர் அலறல், பின்னாலேயே ஏதோ உருண்டு விழுந்த சத்தம். அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் கதவுக்குள் நுழையப் பார்த்து, நிலையில் சிக்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு உள்ளே போய் விழுந்தார்கள்.

உள்ளே எந்த அழகியும் இல்லை. தாழ்ந்த மேசை ஒன்றின் முன்னால், ஐம்பதைத் தாண்டிய பருத்த பெண்மணி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கை ஒரு சிவப்பு ஹை ஹீல்ஸுக்குள் நுழைந்திருந்தது. அதன் ஜோடி தரையில் கிடந்தது. வலது மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தாலாட்டுவது போல அவள் ஆடிக்கொண்டிருந்தாள்.

அவள்தான் காலடி அக்கா. ரேடியோ நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தினமும் மாலையில் ஒலிபரப்பாகிற தொடர் நாடகத்தில் யார் நடந்தாலும் அவள்தான் நடப்பாள். கதாநாயகி ஓடினால் அவள் ஓடுவாள். வில்லன் பூட்ஸோடு படியேறினால் அவள் ஏறுவாள். குதிரைக்குக்கூட அவள்தான் கால். ஆனால் இத்தனையையும் அவள் நடந்தது கையால்!

இளவயதில் அவள் ஒரு செருப்புக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். ஒருநாள் ஒரு மனிதர் வந்து, "கோபமா நடக்கிற மாதிரி செருப்பு வேணும்" என்று கேட்டார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளோ இரண்டு செருப்புக்குள் கையை விட்டு, கண்ணாடி மேசைமேல் கோபமாக நடந்து காட்டினாள். "வெட்கமா நடக்கிறது இருக்கா?" என்றார். அதையும் நடந்தாள். மறுவாரமே ரேடியோ நிலையத்தில் வேலை. அதே கடைக்கு, கிழியாத செருப்பைக் கொண்டுவந்து மாற்றித் தரச் சொல்லித் திரும்பத் திரும்ப வந்த பஸ் டிரைவர் ஒருவர், அவள் வேலையை விட்டுப் போவது தெரிந்ததும் பதறிப்போய்க் கல்யாணமே பேசிவிட்டார்.

ஸ்டுடியோவில் முதலில் அவளைக் காலால்தான் நடக்கச் சொன்னார்கள். கீழ்த் தளத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். மேலே கதாநாயகி விடுவிடுவென்று நடக்கும்போதெல்லாம், கீழே வாயைத் திறந்து படுத்திருந்தவர்கள் திடுக்கிட்டு டாக்டரின் விரலைக் கடித்தார்கள். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் மேலே வந்து கும்பிட்ட நாளிலிருந்து, செருப்பு மேசைக்கு ஏறிவிட்டது. முழங்காலில் நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, முழுப் பாரத்தையும் உள்ளங்கையில் இறக்கினால்தான் அந்தச் சத்தத்தில் ஓர் உயிர் வரும். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தாள். இப்போது மணிக்கட்டின் பின்புறம், புறங்கை ஆரம்பிக்கிற இடத்தில், சுள்ளென்று குத்தியது.

"எனக்குத் தெரியும், நீ துணி பிழியுற அழகுக்கு இது வரும்னு" என்றாள் நாத்தனார். "யார் மேலயோ இருக்கிற கோபத்தையெல்லாம் போர்வை மேல காட்டுறே."

"உன் மேலதான்டி. உன் போர்வைதான் அது."

"கையைத் தலைக்கு அடியில வெச்சுத் தூங்கியிருப்பா" என்றார் கணவர்.

"தூங்கவிட்டாத்தானே? நீங்க விடுற குறட்டையில நான் எங்க தூங்கினேன்?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டு மறைக்கிறியா அண்ணி? உண்மையைச் சொல்லு."

"நான் விழுந்தா மாடியில உன் வீட்டு விளக்குக்கூட ஆடும். ஆடிச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கணவர் பதறிப்போனார்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலி கிடக்குதுங்க. கடைசி அத்தியாயம் வருதே!"

நிலையத்தில் போன வருஷம் ஒரு மிஷின் வாங்கியிருந்தார்கள். உலகத்திலுள்ள சத்தமெல்லாம் அதற்குள் அடைபட்டிருந்தது. முதலில் மழைக்காரர் வேலை போய் வீட்டுக்குப் போனார்; தகரத்தையும் மணலையும் வைத்துக்கொண்டு ஊரையே நனைத்த மனிதர். அடுத்து, கதவும் ஜன்னலும் திறந்து மூடுகிறவர். மிச்சம் இருந்தது காலடி அக்கா மட்டும்தான். கை வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுடைய கால்களும் மிஷினுக்குப் போய்விடும். அதனால் வாயைத் திறக்காமல் வலது கையைக் கொஞ்சம் காப்பாற்றிக் காப்பாற்றி நடந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. அவள் கையைக் காப்பாற்றியதில் கதாநாயகி நொண்ட ஆரம்பித்துவிட்டாள்!

முதல் நாளே நிலையத்து டெலிபோன் அலறியது. "அந்தப் பொண்ணுக்குக் கால்ல என்னங்க?" என்று கேட்டார் ஒருவர். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, மூட்டுத் தேய்மானம்" என்று எச்சரித்தார் இன்னொருவர். ஒரு பெண்மணி விம்மிக்கொண்டே, "மாமியார் மாடிப்படியிலேருந்து தள்ளிவிட்டுட்டாளா? ஒளிக்காம சொல்லுங்க" என்றாள். டைரக்டருக்குப் புல்லரித்தது. "அக்கா! என்கிட்டக்கூடச் சொல்லாம எவ்வளவு பெரிய வேலை பண்ணியிருக்கீங்க! சொல்லாமலே அவ வலி தெரியுது!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், வலது கையை. அவளுக்குக் கண்ணில் நட்சத்திரம் பறந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கே கதை மாறியது. மாமியார் படியிலிருந்து தள்ளிவிட்டாள். மாமியாராகப் பேசுகிற நடிகை, பாவம், பரம சாது. காய்கறி வாங்கப் போன இடத்தில் கடைக்காரரே அவளுக்குச் சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கிப் போட்டார். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி அந்த வீட்டை விட்டே போகிறாள். வசனமே கிடையாது. மாடியிலிருந்து கூடம், கூடத்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து தெரு. காலடி மட்டும்தான்.

அதைத்தான் அவள் படுக்கையறையில் ஒத்திகை பார்த்தாள். அந்த நடையை நடக்கத்தான் இங்கே ஒரு கை இல்லை.

மறுநாள் காலையில் கணவர் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ விழுந்து கையை ஊன்றினீங்களா?"

"இல்ல டாக்டர்."

"பின்பக்கம் பட்டாணி மாதிரி கட்டி ஏதாவது வந்து வந்து போகுதா? நீர்க்கட்டி அப்படித்தான் வரும்."

"இல்ல டாக்டர்."

"காலையில எழுந்ததும் விரலெல்லாம் விறைச்சுக்கிட்டு நிக்குதா? மூட்டுவாதமா இருந்தா நிக்கும்."

"நிக்கல டாக்டர்."

"விரல் மரத்துப் போகுதா?"

"அதுவும் இல்ல."

"அப்போ என்னதாம்மா இருக்கு?"

"வலி இருக்கு டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன வேலை பார்க்கிறீங்க?"

"நடக்கிறேன்."

"நடக்கிறது நல்லதுதான். வேலை என்ன?"

"அதான் டாக்டர் வேலை. நடக்கிறது."

"எதுல நடப்பீங்க?"

"கையில."

டாக்டர் மெதுவாகப் பேனாவைக் கீழே வைத்தார். "தலைகீழா எல்லாம் இல்ல டாக்டர்" என்று அவசரமாகக் குறுக்கே வந்தார் கணவர். "மேல பாதி மட்டும்தான் நடக்கும்."

இனி விளக்கிப் பயனில்லை என்று அவளுக்குப் பட்டது. மேசைக்கு அடியில் டாக்டர் கழற்றி விட்டிருந்த ஷூக்களை எடுத்தாள். கைகளை உள்ளே விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மேசைமேல் நாலு அடி நடந்தாள். குதிகாலைச் சற்றே தேய்த்து, நின்று, திரும்பி. சட்டென்று கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "கிளம்பிட்டீங்களா டாக்டர்? வெளியே இன்னும் ஆள் இருக்காங்க" என்றாள். உட்கார்ந்திருந்த டாக்டரையும் மேசைமேல் நின்ற ஷூக்களையும் பார்த்தாள். சத்தமில்லாமல் கதவை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சிரித்த சிரிப்பில் ஸ்டெதஸ்கோப் குலுங்கியது. "நான் குதிகாலைத் தேய்க்கிறேனா?"

"நீங்க உள்ளே நடந்து வரும்போது கேட்டேன் டாக்டர்."

சிரித்து முடித்தவர், கையை மேசையில் விரித்து ஊன்றி எழுந்திருக்கச் சொன்னார். பாதிகூட எழ முடியவில்லை, அவள் துடித்துவிட்டாள். எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் ஒழுங்காக இருந்தது.

"இதாம்மா விஷயம். மணிக்கட்டைப் பின்னால மடக்கி, அது மேல உடம்புப் பாரத்தைப் போட்டுக்கிட்டே இருந்தா, மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வு பின்பக்கத்துல எலும்புங்களுக்கு நடுவுல மாட்டி நசுங்கும். நசுங்கி வீங்கும். வீங்கினதால இன்னும் நசுங்கும். தண்டால் எடுக்கிறவங்க வருவாங்க, ஜிம்னாஸ்டிக் பிள்ளைங்க வருவாங்க. கதாநாயகி வர்றது எனக்கு இதான் முதல் தடவை."

கையை மடங்க விடாத ஒரு பட்டையை மணிக்கட்டில் கட்டினார். ஐஸ் வைக்கச் சொன்னார். குறையவில்லை என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"நான் எப்போ நடக்கலாம் டாக்டர்?"

"காலால இப்பவே நடக்கலாம். கையால நடக்க ஆறு வாரம் ஆகும்."

நாடகம் முடிய ஆறு நாள்கூட இல்லை!

வீட்டுக்கு வந்து காய்ச்சல் என்று நிலையத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்தவள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கணவர் நீட்டிய கஞ்சியையும் தொடவில்லை, நாத்தனார் வம்புக்கு இழுத்தும் திரும்பவில்லை. வம்புக்கு வராத அண்ணியைப் பார்த்து நாத்தனாருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. ஒரு கையில் ஆரஞ்சுப் பழங்களும் மறு கையில் லேப்டாப்புமாக டைரக்டர் நின்றார். கட்டிலில் கிடந்தவள் வலது கையைப் போர்வைக்குள் திணித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் எப்படி இருக்கு அக்கா?"

"இருக்குப்பா. நல்லா இருக்கு."

"எப்பவாவது இறங்குதா?"

"முழங்கை வரைக்கும் இறங்குது" என்றாள் டீயோடு உள்ளே வந்த நாத்தனார். "பட்டை கட்டினதுலேருந்து பரவாயில்ல." சொல்லி முடித்த பிறகுதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டைரக்டர் போர்வையைப் பார்த்தார். அவள் மெல்லக் கையை வெளியே எடுத்தாள்.

"அப்போ அந்த நொண்டல்?"

"நடிப்பு இல்லப்பா. வலி."

டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்தான். ஆனால் வந்த காரியம் வேறாயிற்றே! லேப்டாப்பைத் திறந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. காய்ச்சல்னு சொன்னதும் எதுக்கும் இருக்கட்டும்னு மிஷின்லேருந்து ஒரு நடை கோர்த்து வெச்சேன். கடைசி அத்தியாயம் நிக்கக் கூடாது இல்லையா? மேலயும் கேக்குறாங்க, இனிமே எல்லாத்துக்கும் இதையே வெச்சுக்கலாமேன்னு."

நடை ஆரம்பித்தது. டக், டக், டக், டக். மாடி, கூடம், முற்றம், தெரு. நன்றாகவே இருந்தது. அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல! நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி! என்னமா நடந்திருக்கே!" என்று தேம்பினாள்.

"அது நான் இல்லடி."

நாத்தனார் முந்தானையைக் கீழே விட்டாள். அண்ணியின் உதடு நடுங்குவதைக் கண்டாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று தவித்தவள், "ஆனா ஒண்ணு... அவளுக்குக் கால் எப்போ சரியாச்சு?" என்றாள்.

டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

ஊரே அவள் காலுக்காக அழுதுகொண்டிருக்கிறது. கடைசி நாளில் அவள் டக், டக் என்று அணிவகுப்பில் போகிறவள் மாதிரி போனால்? அவர் பரபரவென்று லேப்டாப்பைத் தட்டினார். வலது அடிகளை எல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்தார். கதாநாயகி குதிரையானாள். மறுபடி தள்ளினார். ஒரு கால் வாளிக்குள் மாட்டிக்கொண்டவள் போல் போனாள்.

"கிளட்ச் மிதிக்காம கியர் போடுற மாதிரி இருக்கு தம்பி" என்றார் கணவர்.

கட்டிலிலிருந்து எழுந்தாள் காலடி அக்கா. மேசை முன்னால் போய் முழங்காலிட்டாள். சிவப்புச் செருப்புகளை வைத்தாள். இடது கையால் வலது கைப் பட்டையின் முடிச்சை இழுத்தாள்.

"வேணாம்!" கணவர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். "நீ நடந்தது போதும். நான் சாகிற வரைக்கும் உனக்குப் பட்டன் தைச்சுப் போடுறேன், விட்டுடு."

"ஒரே ஒரு தடவைங்க. அவ போறதை நான்தானே நடக்கணும்? வந்தது என் காலால. போறது யார் காலாலயோவா?"

இருவரும் அழுதார்கள். டைரக்டரும் அழுதார். நாத்தனார் மட்டும் அழவில்லை. விறுவிறுவென்று வந்து அண்ணிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"குடு அந்த வலது செருப்பை."

"உனக்கு எதுக்குடி?"

"இடது கால் நீ. வலது கால் நான். குடு."

முதல் முயற்சியில் நாத்தனாரின் கால் தொம், தொம் என்று விழுந்தது. "இது தபால் முத்திரை இல்லடி!" என்றாள் அண்ணி. இரண்டாவது முயற்சியில் கதாநாயகி குடித்திருந்தாள். மூன்றாவதில் அண்ணி முற்றத்துக்குப் போன பிறகும் நாத்தனார் மாடியிலேயே இருந்தாள். கணவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டைரக்டர் ஆரஞ்சுப் பையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணீர் காயாத முகத்தோடு அவளும் சிரித்து, மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பிறகு நிமிர்ந்து, நாத்தனாரைப் பார்த்துக் கேட்டாள்: "போன மாசம் என்கூடச் சண்டை போட்டுட்டு, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு போனியே, அப்போ எப்படி நடந்தே?"

"மெதுவாத்தான்."

"ஏன்?"

நாத்தனார் செருப்பையே பார்த்தாள். "நீ பின்னாலேருந்து கூப்பிடுவேன்னு."

அண்ணி அவள் பக்கம் நகர்ந்தாள். வலது தோளால் அவள் தோளை இடித்தாள். "அப்படி நட. பாரத்தை நான் வாங்கிக்கிறேன். நீ சும்மா இழுத்துக்கிட்டு வா, கூப்பிடுவாங்களான்னு."

டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாடியில் ஒரு கால் எடுத்து வைத்தது. மறு கால் தயங்கி, வர மனமில்லாமல், வந்தது. படி இறங்கினார்கள். கூடத்தில் இடது கால் நின்றது. வலது கால் அரை அடி பின்வாங்கி, மறுபடி சேர்ந்துகொண்டது. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாத்தனாரின் கன்னத்தில் நீர் வழிந்தது. கையில் தபால் ஆபீஸ் இல்லை. முற்றம் வந்தது. "போகாதேம்மா" என்று முணுமுணுத்தார் கணவர், தன்னை மறந்து. தெருவில் இறங்கி அடிகள் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தன. இரண்டு பெண்களின் இரண்டு கைகளால், ஒரே ஒருத்தி வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

டைரக்டர் கண்ணைத் திறந்து, சத்தமில்லாமல் லேப்டாப்பை மூடினார்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வந்துடுங்க."

"எனக்கு லீவு யார் குடுப்பா?" என்றாள் நாத்தனார்.

"உங்க அதிகாரி வீட்டம்மா தினமும் எங்களுக்குப் போன் பண்றவங்க. நான் பேசிக்கிறேன்."

"அடுத்த கதை?" என்று கேட்ட காலடி அக்கா மேசைமேல் இருந்த சிவப்புச் செருப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஷினால மனசைத் தயங்க வைக்க முடியலைன்னு மேலே சொல்லிடுறேன் அக்கா. ஆறு வாரம் பழைய நாடகத்தைப் போட்டு ஓட்டலாம். கை சரியானதும் ஆரம்பிப்போம். அதுவரைக்கும் சரியாகலைன்னா இருக்கவே இருக்கு, அடுத்த கதையில எல்லாரையும் நொண்ட வெச்சுடலாம்!"

"அப்போ எனக்கும் சம்பளம் உண்டுல்ல?" என்றாள் நாத்தனார்.

"பாதிக் கால் சம்பளம்" என்றாள் அண்ணி.

டைரக்டர் சிரித்துக்கொண்டே எழுந்தார். ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொள்ளும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே இரண்டு பேரும் வலது கால் யாருடைய நேரத்துக்கு வர வேண்டும் என்று ஏற்கெனவே சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். அவர் படியிறங்கிப் போனார். கணவர் கதவைச் சாத்தினார்.